போபால் மண்ணில் நஞ்சின் பாதை: கணினி மாதிரி எவ்வளவு துணை நிற்கும்?

போபால்: யூனியன் கார்பைடு ஆலை வளாகத்தில் பல்லாண்டுகளாகக் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு, 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்டது. ஆனால், பூச்சிக்கொல்லிக் கழிவு ஊறிய மண் இன்னும் அகற்றப்படவில்லை. அதன் அளவு சுமார் 11 லட்சம் டன் என்று நீரி, தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை 2010-இல் மதிப்பிட்டன.

இவ்வளவு மண்ணையும் ஒரே நேரத்தில் அகற்றுவது எளிதன்று. எந்த இடத்தை, எவ்வளவு ஆழத்துக்கு முதலில் தோண்டுவது, எந்தக் கிணறுகளைக் கண்காணிப்பது என்பதை முடிவு செய்யக் கணினி மாதிரிகள் உதவக்கூடும்.

'ஹைட்ரஸ்' போன்ற மென்பொருள்கள், நிலத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, மழைநீர் இறங்கும் வேகம், வேதிப்பொருள் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும் அளவு, அது சிதையும் காலம் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றன. இந்த ஆலையில் தயாரான கார்பரில், மண்ணில் பெரும்பாலும் சில வாரங்களில் சிதையத் தொடங்கும். ஹெக்சாகுளோரோசைக்ளோஹெக்சேன் மண்ணின் கரிமப்பொருளைப் பற்றிக்கொண்டு பல ஆண்டுகள் நீடிக்கும். குளோரின் கலந்த கரைப்பான்களோ அதிகம் ஒட்டாமல் நீருடன் கீழே இறங்கும். எனவே, ஒரே இடத்தில் சிந்தியவையும் ஒரே வேகத்தில் பரவுவதில்லை.

சிக்கல் போபாலின் கரிசல் மண்ணில் உள்ளது. ஈரத்தில் நீரை எளிதில் விடாத இக்களிமண், கோடையில் ஆழமாகப் பிளக்கிறது. முதல் பருவமழை அப்பிளவுகள் வழியே நேராக அடியாழத்துக்குச் செல்லும். நிலம் முழுவதும் ஒரே சீரானது எனக் கருதும் மாதிரி, இவ்வழியைக் காணாமல், நஞ்சு நிலத்தடி நீரை அடைய நீண்டகாலம் ஆகும் என்று தவறான ஆறுதலைத் தரலாம். பிளவுகளைக் கணக்கில் கொள்ளும் மாதிரிகள் உண்டு. எனினும் அவற்றுக்கு அந்தந்த இடத்தின் அளவீடுகள் தேவை. மேலும், எப்போது எவ்வளவு கழிவு சிந்தியது என்பதற்கு முழுமையான கணக்கு இல்லாதபோது, கணிப்பின் தொடக்கமே ஊகமாகிறது.

ஆகவே, கணினி மாதிரி கிணற்று நீர்ச் சோதனைக்கு மாற்றாகாது. எங்கே சோதிக்க வேண்டும் என்று காட்டும் கருவி மட்டுமே. ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னரும் கண்காணிப்புக் கிணறுகளின் முடிவுகளுடன் கணிப்பை ஒப்பிட்டுத் திருத்தினால்தான் அது நம்பகமாகும். சுற்றுவட்டார மக்களுக்குத் தூய குடிநீர் வழங்க உச்சநீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. கழிவு எரிக்கப்பட்டதால் அந்தத் தேவை முடிந்துவிடவில்லை.