பகடை மகளுக்கு எதற்கு அக்ரகாரப் பிறப்பு?

நா. வானமாமலையைப் ‘பேராசிரியர்’ என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். மனுசன் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு பாளையங்கோட்டையில் டுடோரியல் காலேஜ் நடத்தியவர். 1967இல் நெல்லை ஆய்வுக்குழு, 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழ் எல்லாமே பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்த வேலை.

அவர் பதிப்பித்து, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘முத்துப்பட்டன் கதை’யை எடுத்துக்கொள்வோம். பிராமணனான பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுக்கிறான், குடுமியைக் களைகிறான், செருப்புத் தைக்கப் படிக்கிறான். சும்மா விடுவார்களா? அந்தப் பெண்கள் பிராமணப் பிறப்பு, பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒட்டுப் போட்டார்கள். மதுரைவீரனைக் காசி ராசா மகனாக்கினதும் இதே வைத்தியம்தான். நம்ம வீட்டில் பிறந்தது சாமியாகக் கூடாது, அவ்வளவுதான்.

இது பின்னால் ஒட்டியது என்று எடுத்துக்காட்டினார் வாத்தியார். எம்.ஏ. தமிழில் நான் ‘நாட்டார் வழக்காற்றியல்’ படித்தேன். கதையின் வகை, அமைப்பு எல்லாம் சொல்லித்தந்தார்கள். இந்த ஒட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. சாதியை உருவிவிட்டால் மிச்சம் என்ன வழக்காறு?

சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றைக்கும் செருப்புத்தான் காணிக்கை. செருப்பு சாமிக்கு ஆகும். தைத்தவன் பெற்ற மகள் மட்டும் ஆகமாட்டாளாம்!

தோழர்களே, வாத்தியாருக்கு மாலை வேண்டாம். அவர் பிரித்த ஒட்டு ஒன்றிரண்டு. மிச்சத்தை நாம்தான் பிரிக்கணும். நம்ம ஆத்தாமார் வாயில் இன்னும் பாட்டு இருக்கிறது. போய்க் கேளுங்கள். பாடினவள் பேரையும் சேர்த்து எழுதுங்கள்.