பஞ்சு மிட்டாயில் துணிச் சாயம்: மராட்டியத்திலும் சட்டம் உண்டு

கோவண்டி சிவாஜி நகர், பைங்கன்வாடி பக்கம் பள்ளிக்கூடம் விட்டால் பஞ்சு மிட்டாய்க்காரரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிடும். இந்தியில் இதற்கு "புட்டி கே பால்" என்று பெயர். (குடிக்கும் பால் அல்ல, கிழவியின் தலைமுடி என்று பொருள்.) அந்த ரோஜா நிறம் எதிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

2024 பிப்ரவரியில் சென்னை மெரினா கடற்கரையில் அதிகாரிகள் கைப்பற்றிய பஞ்சு மிட்டாயைச் சோதித்ததில் "ரோடமின்-பி" இருப்பது தெரிய வந்தது. அது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். ஈரலைக் கெடுக்கும். புற்றுநோய் வரக்கூடும் என்ற அச்சமும் உண்டு. முதலில் புதுச்சேரியும், பிப்ரவரி 17-ந் தேதி தமிழக அரசும் தடை விதித்தன. மார்ச் 11-ந் தேதி கர்நாடகமும் நடவடிக்கை எடுத்தது. அங்கே சோதித்த 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் 107-ல் ஆகாத நிறம் இருந்தது.

"அது அந்த மாநிலத்துச் சமாச்சாரம், மும்பைக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. உணவில் சேர்க்க இந்தியா முழுவதற்கும் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் 8 மட்டுமே. சிவப்பு 3, மஞ்சள் 2, நீலம் 2, பச்சை 1. இதில் ரோடமின் இல்லை. லட்டு, ஜிலேபிக்குச் சிலர் போடும் மெட்டானில் மஞ்சளும் இல்லை. அனுமதி பெற்ற நிறத்தையும் கண்டதிலெல்லாம் கொட்ட முடியாது. மிட்டாய், ஐஸ்கிரீம், பிஸ்கட் போன்ற சில பண்டங்களில்தான் போடலாம். அதுவும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள். கோபி மஞ்சூரியனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆக, மாநிலங்கள் போட்ட தடை புதுச் சட்டம் அல்ல. தூங்கிக் கிடந்த சட்டத்தைத் தட்டி எழுப்பியதுதான்.

பிடிபடுவது யார்? தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பவர்களில் பலர் வடக்கேயிருந்து பிழைக்க வந்த வாலிபர்கள். மும்பையில் தலையில் இட்லிப் பாத்திரம் சுமக்கும் தமிழரின் பிழைப்புதான் அவர்களுக்கும். பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தில் சாயம் விற்கிறவரோ கல்லாவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். சோதனை அங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்?

மராட்டியத்தில் இதற்குப் பொறுப்பு உணவு மற்றும் மருந்து நிர்வாகத் துறை. தலைமை அலுவலகம் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது. அதிகாரி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, பண்டம் வாங்கியவரே அதை அரசு ஆய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். சோதனைக்குத்தான் வாங்குகிறோம் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் உண்டு, பண்டம் விதிக்கு முரணானது என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். பத்து ரூபாய் மிட்டாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும். ஒரு கூலிக்காரரால் ஆகாதுதான். ஒரு சாலில் உள்ள நாலு குடும்பங்கள் சேர்ந்தால் ஆகும்.