36 மணி நேரத்தில் கைநழுவிய வழக்கு

கான்கிரீட் சுவர்களும் சோதனைச் சாவடிகளும் சூழ்ந்த பசுமை மண்டலம், போர்க்கால பாக்தாதில் ஓரளவு பாதுகாப்பான இடமாகக் கருதப்பட்டது. அமெரிக்கத் தூதரகமும் இராக் ஆட்சியாளர்களின் அலுவலகங்களும் அங்குதான் இருந்தன. 2006 டிசம்பர் 24 இரவு, அந்த வளாகத்துக்குள் இராக் துணை அதிபர் ஆதில் அப்துல் மஹ்தியின் மெய்க்காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர், அமெரிக்க வெளியுறவுத் துறைக்குக் காவல் பணி செய்த பிளாக்வாட்டர் என்ற தனியார் நிறுவனத்தின் ஊழியர். பணி நேரம் முடிந்து, கிறிஸ்துமஸ் விருந்தில் குடித்துவிட்டு, கைத்துப்பாக்கியோடு வெளியே வந்திருக்கிறார். எதிர்ப்பட்ட மெய்க்காவலர் மீது மூன்று குண்டுகள் பாய்ந்தன. பிறகு அருகிலிருந்த வேறொரு நிறுவனத்தின் காவல் சாவடிக்கு ஓடிப்போய், இராக்கியர்கள் தன்னைச் சுட்டுக்கொண்டே துரத்தியதாகச் சொன்னார்.

கொலை நடந்து 36 மணி நேரத்துக்குள் அவர் இராக்கில் இல்லை. வெளியுறவுத் துறையின் ஒப்புதலோடு, நிறுவனமே அவரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டது. அவருக்கு வேலை போனது, போனஸும் போனது. அவர் அனுபவித்த தண்டனை அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்குள் குவைத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் இன்னொரு ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்.

பிளாக்வாட்டர் என்றதும் 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் அதன் காவலர்கள் நடத்திய படுகொலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு ஒன்பது மாதம்கூட முந்தாத இந்த ஒற்றை மரணம் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. ஆனால், கூலிக்கு அமர்த்தப்பட்ட துப்பாக்கி ஓர் உயிரைப் பறித்த பின் என்னென்ன நடக்கும் என்பதை இந்த வழக்கைப் போலத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை என்பது என் எண்ணம்.

இந்தத் தகவல்கள் வெளிவரக் காரணம், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மேன் தலைமையிலான கண்காணிப்புக் குழு. 2007 அக்டோபரில் நிறுவனத் தலைவர் எரிக் பிரின்ஸை அழைத்து விசாரித்த அந்தக் குழு, தூதரகத்துக்கும் வெளியுறவுத் துறைக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஓடிய மின்னஞ்சல்களையும் வெளியிட்டது. அவற்றில் வரும் இழப்பீட்டுப் பேரத்தைப் படித்தால் நெஞ்சு பதறுகிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 2,50,000 டாலர் தரலாம் என்று தூதரகத்தின் பொறுப்பு அதிகாரி முதலில் யோசனை சொன்னார். பிறகு அது 1,00,000 ஆனது. வெளியுறவுத் துறையின் பாதுகாப்புப் பிரிவு அதற்கும் ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய தொகை கொடுத்தால், குடும்பத்தின் எதிர்காலத்துக்காக இராக்கியர்கள் வேண்டுமென்றே வந்து சாக முயல்வார்கள் என்பது அந்தப் பிரிவு எழுதிய காரணம். கடைசியில் 15,000 டாலர் என்று முடிவானதாகக் குழுவின் குறிப்பு கூறுகிறது. அதே நிறுவனம் ஒரு காவலருக்கு ஒரு நாளைக்கு அமெரிக்க அரசிடம் வசூலித்த கட்டணம் 1,222 டாலர். பதின்மூன்று நாள் கட்டணத்துக்குக்கூட அந்த உயிரின் விலை ஈடாகவில்லை.

இன்னொரு மின்னஞ்சலும் உண்டு. குடிபோதையில் இருந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவர் மெய்க்காவலரைக் கொன்றுவிட்டதாக அரபுத் தொலைக்காட்சி ஒன்று தவறாகச் செய்தி சொன்னது. அதனால் தங்கள் மீதான நெருக்கடி குறையும் என்று நிறுவனத்துக்குள்ளேயே ஒருவர் நிம்மதியோடு எழுதியிருக்கிறார். அந்தப் பழியைச் சுமக்க வேண்டியிருந்தது அமெரிக்கப் படைதான்.

சட்டம் என்ன செய்தது? அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் இராக்கை விட்டுப் புறப்படுவதற்கு முன், 2004 ஜூனில் 17ஆம் எண் ஆணையைத் திருத்திப் பிறப்பித்தார். ஒப்பந்தப் பணியின்போது செய்த செயல்களுக்காக வெளிநாட்டு ஒப்பந்ததாரர்கள் மீது இராக் நீதிமன்றங்கள் நடவடிக்கை எடுக்க முடியாது என்றது அது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடித்துவிட்டு ஒருவரைச் சுடுவது எந்த ஒப்பந்தத்திலும் சேர்ந்த பணி அல்ல. ஆகவே அந்த ஆணையின் பாதுகாப்பு இவருக்குக் கிடைத்திருக்குமா என்பதே கேள்விக்குரியது. அந்தக் கேள்வியை எந்த நீதிபதியும் கேட்க வாய்ப்பில்லாமல் செய்தது அந்த விமானப் பயணம். அமெரிக்காவிலோ, வெளிநாட்டுக் குற்றங்களுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம் ராணுவத் துறையின் ஒப்பந்ததாரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளியுறவுத் துறையின் காவலருக்கு அது பொருந்துமா என்பதிலேயே இழுபறி. 2010 அக்டோபரில், வழக்குத் தொடரப்போவதில்லை என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள்.

பிரின்ஸ் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2004 மார்ச்சில் ஃபலூஜாவில் அவருடைய ஊழியர்கள் நால்வர் கொல்லப்பட்டு, அவர்களில் இருவரின் உடல்கள் பாலத்தில் தொங்கவிடப்பட்டன. தங்கள் காவலில் இருந்த ஓர் அதிகாரிகூட உயிரிழக்கவில்லை என்று அவர் குழுவின் முன் சொன்னதும் உண்மை. ஊழியரை வேலையை விட்டு நீக்குவதற்கு மேல் ஒரு தனியார் நிறுவனத்தால் என்ன செய்ய முடியும், சிறையில் அடைக்க முடியுமா என்றும் கேட்டார். அடைக்க முடியாதுதான். அதனாலேயே சுட்டவரை அங்கேயே நிறுத்தி, விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும்.

தற்காப்புக்கு மட்டுமே சுட வேண்டும் என்பது ஒப்பந்த விதி. ஆனால், 2005 முதல் பிளாக்வாட்டர் சம்பந்தப்பட்ட 195 துப்பாக்கிச் சூடுகளில் 163 முறை முதலில் சுட்டது அந்நிறுவனம்தான் என்று குழு கணக்கெடுத்தது. வெளியுறவுத் துறை இதை அறியாமல் இல்லை. டிசம்பர் கொலையை முறையாக விசாரித்திருந்தால் நிசூர் சதுக்கம் நடந்திருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், ஓர் இராக்கியரைக் கொன்றால் வேலை போகும், வேறொன்றும் ஆகாது என்ற பாடம் அங்கே துப்பாக்கி ஏந்திய ஒவ்வொருவருக்கும் எட்டியிருந்தது.

நிசூர் சதுக்கத்தில் 17 பேர் இறந்ததாக இராக் அரசு சொன்னது. அதில் 14 கொலைகளுக்கு எந்த நியாயமும் இல்லை என்றது அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ. இறந்தவர்களில் ஒரு சிறுவனுக்கு வயது ஒன்பது. அந்த வழக்கும் தொடக்கத்திலேயே ஊனப்பட்டது. வழக்கில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியைத் தந்துதான் வெளியுறவுத் துறை அதிகாரிகள் காவலர்களிடம் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். அந்த வாக்குமூலங்கள் வழக்கில் கலந்துவிட்டன என்று கூறி, 2009 டிசம்பர் 31 அன்று நீதிபதி ரிக்கார்டோ உர்பினா குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் வழக்கு உயிர்பெற்று, இராக்கிலிருந்து சாட்சிகள் வாஷிங்டன் வரை வந்து கூண்டேறி, 2014இல் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2020 டிசம்பர் 22 அன்று அதிபர் டிரம்ப் நால்வருக்கும் பொதுமன்னிப்பு வழங்கினார்.

மன்னிப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எனக்கு அதைவிடப் பெரிய குற்றமாகத் தெரிவது, இரண்டு வழக்குகளிலும் முதல் ஓரிரு நாளில் நடந்ததுதான். இரண்டிலும் காவலரை அமர்த்திய துறையே முதல் விசாரணையைக் கையில் எடுத்தது. ஒன்றில் ஆளை வெளியேற்ற ஒப்புதல் தந்தது. மற்றொன்றில் வாக்குமூலத்தைச் செல்லாக்காசு ஆக்கியது. ஒப்பந்தம் தந்தவருக்கு ஒப்பந்ததாரரைக் காப்பாற்றும் தேவை இருக்கும். அவரிடம் விசாரணையை விடக் கூடாது. சுட்டவர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பதும், அந்த நாட்டின் காவல்துறை உடனே அவரை விசாரிக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டிய விதிகள். 2009 முதல் அமலுக்கு வந்த உடன்படிக்கையில் அமெரிக்க ஒப்பந்ததாரர்களை இராக் தன் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இத்தனை உயிர்கள் போன பிறகுதான் அது முடிந்தது.

அமெரிக்கா தன் பங்கைச் செய்யவில்லை. எந்தத் துறைக்கு வேலை செய்தாலும் வெளிநாட்டில் குற்றம் புரியும் ஒப்பந்ததாரரை அமெரிக்க நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற மசோதா, 2007 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையில் 389க்கு 30 என்ற வாக்குகளில் நிறைவேறியது. செனட்டில் அது முடங்கியது, இன்றுவரை சட்டமாகவில்லை.