இடையில் நிற்பவர் யார்?

2016 ஓகஸ்டில் 'பசிபிக் ஏஞ்சல்' என்ற பெயரில் அமெரிக்க விமானப்படையினரும் இலங்கைப் படையினரும் வேறு சில நாட்டவரும் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுப் பயிற்சி நடத்தினார்கள். இலவச மருத்துவ முகாமும் பாடசாலைக் கட்டடத் திருத்த வேலையும் அதன் முக்கிய பகுதிகள். பயனுள்ள வேலைதான். ஆனால் வெளிநாட்டு வைத்தியருக்கு ஆங்கிலம், நோயாளிக்குத் தமிழ், எமது நாட்டுப் படையினரில் பெரும்பாலோருக்குச் சிங்களம். இப்படியான முகாமில் நடுவில் நின்று பேச வேண்டியவர் யார்?

இரு மொழி தெரிந்த படைவீரர் என்பதே இராணுவங்களின் வழக்கமான விடை. 2003 முதல் அமெரிக்க இராணுவம் அரபு, டாரி, பஷ்தூ பேசுவோரைத் தேடி, மொழிபெயர்ப்பாளர்களாகவே படையில் சேர்த்தது. படைக்கும் படைக்கும் இடையே அது சரி. நாரி உளைவோடு வாங்கில் காத்திருக்கும் ஒரு வயோதிபத் தாய்க்கும் வைத்தியருக்கும் இடையே? உளைவு, குத்து, கடுப்பு, எரிவு என்று எங்கள் உம்மம்மாமார் பிரித்துப் பிரித்துச் சொல்வதையெல்லாம் 'வலி' என்ற ஒற்றைச் சொல்லாக்கிக் கொடுத்தால் மருந்தே மாறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் சீருடை. மாதவிடாய் பற்றியோ, போரில் பட்ட பழைய காயம் பற்றியோ ஒரு பெண் சீருடை அணிந்த ஆணிடம் எவ்வளவு சொல்வாள்? பாதியை விழுங்கிவிடுவாள். மொழிபெயர்ப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவள் சொல்லாததை அவரால் மொழிபெயர்க்க முடியாது.

படைவீரர்கள் தமிழ் படித்தால் போதாதா என்று கேட்கலாம். படிக்கட்டும், நிறையப் பேர் படிக்கட்டும். ஆனால் ஒரே மொழி பேசுவதால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது என்பதை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30 இல், இரண்டு மணி நேரத்தில் வெளியேறுங்கள் என்று விடுதலைப் புலிகள் இட்ட கட்டளை தமிழில்தான் இருந்தது.

நபி (ஸல்) அவர்கள் இளைஞரான ஸைத் பின் தாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னதை ஹதீஸில் படித்திருக்கிறோம். தமது கடிதங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரின் கையால் எழுதப்பட வேண்டும் என்பதே காரணம். அவர் அரை மாதத்தில் கற்றுக்கொண்டார். (இரண்டாம் மொழிச் சிங்களத்தை வருடக்கணக்கில் படித்தும் ஒரு வசனம் பேசத் தயங்கும் எங்கள் வகுப்புகளுக்கு இது கொஞ்சம் சுடும்.)

பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழி தெரிந்த அலுவலர் இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் பரிந்துரைத்தது. மருத்துவ முகாமுக்கு நான் அதைவிடக் கூடுதலாகக் கேட்பேன்: சாதாரண உடையில், உள்ளூர்ப் பெண்கள். புத்தளத்தில் வளர்ந்து ஊர் திரும்பியவர்களிடம் சிங்களம் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் அக்காமாரிடம் ஆங்கிலமும் நேரமும் இருக்கின்றன. பிரதேச செயலகங்கள் இவர்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருந்து, நோயாளியின் இரகசியம் காப்பது பற்றிச் சில நாள் பயிற்சியும், வேலை செய்யும் நாட்களுக்குக் கொடுப்பனவும் வழங்கலாம். படையினர் நிற்கும் இடத்துக்கு மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே தனியாக அல்ல, நான்கைந்து பேராக, ஓர் ஆசிரியையோடு அனுப்பட்டும்.