பெட்டாவாட் பெருமை போதும் சாமி!

பண்பொழி திருமலைக் கோயில் படியில உக்காந்து வானம் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போ மென்பொருள்ல ஆணி புடுங்குறேன். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துல, விண்வெளியில இருக்கிற மாதிரி காந்தக் கொந்தளிப்பை லேசர் பிளாஸ்மாவுல பார்த்து 2017ல கட்டுரை போட்டாங்க. சொன்னா நம்மாளுங்க கேட்கிறது, "எத்தனை பெட்டாவாட்?"

அட போங்கய்யா! 25 ஃபெம்டோநொடிக்கு ஒரு பெட்டாவாட்னா மொத்தமே 25 ஜூல்தான். ஒரு கிலோ அரிசியை இரண்டரை மீட்டர் தூக்குற ஆற்றல்.

அடர்ந்த பிளாஸ்மாவுக்குள்ள எட்டிப் பார்க்க லேசர் கிளப்புற எக்ஸ்ரேதான் விளக்கு. அதோட நிறமாலை, ஃபோட்டான் எண்ணிக்கை, மூலத்தோட அகலம் எதையும் அளக்காம படம் எடுத்தா, மங்கல் பிளாஸ்மாவோடதா, விளக்கோடதான்னு எப்படிச் சொல்வீங்க? டெஸ்ட் பண்ணாத கோடை ரிலீஸ் பண்ணவா?

லேசருக்குக் கை தட்டுங்க. டிடெக்டரை அளவு சரிபார்க்கிறவனுக்கும் சேர்த்துத் தட்டுங்க!