சீசீயைப் பார்த்து ஏசுகிறவர்களுக்கு

"3,400 சீசீ ஜீப்பில வந்து இறங்குற சேருக்குச் சம்பளம் போதாதாம்!"

ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி எங்களில் யார் வாய் திறந்தாலும் இந்த வசனம் எங்கிருந்தாவது வந்து விழுகிறது. இன்னும் சிலர் மார்க்கத்தையும் இழுத்துவந்து "வீண்விரயம்" என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். பல நாள் சிரித்துவிட்டுப் போனோம். இன்று கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறோம். பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்த ஐந்து பேர். எல்லோருக்கும் பழைய பெரிய இன்ஜின் பைத்தியம். இரண்டு பேரிடம் 3பீ இன்ஜின் போட்ட பழைய லேண்ட் குரூசர், ஒருவரிடம் 2,477 சீசீ பஜேரோ, ஒருவரிடம் 2.4 லீற்றர் டீசல் பென்ஸ் 240டீ. ஐந்தாமவரிடம் பைசிக்கிள்தான், ஆனால் எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் இன்ஜின் விசயம் அதிகம் தெரியும். இந்த வண்டிகளில் இரண்டு, வாப்பாமார் வயலுக்கு ஓடியவை. மற்ற இரண்டும் யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் துருப்பிடித்த நிலையில் வாங்கியவை. ஒன்றுகூட பெர்மிட்டில் வந்ததில்லை.

இப்போது இந்த சீசீ என்றால் என்ன என்று பார்ப்போம். நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற உருளையின் கனவளவுதான், வேறு ஒன்றுமில்லை. 3பீ இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 102 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 105 மில்லிமீற்றர், சிலிண்டர் நான்கு. சென்ரிமீற்றரில் ஆரை 5.1, உயரம் 10.5. பை ஆர் வர்க்கம் எச், பெருக்கல் நான்கு. 22/7 போட்டால் 3,433 வரும். கம்பனிப் புத்தகத்தில் 3,431. அந்த இரண்டு சீசீ வித்தியாசம் 22/7 இன் குற்றம், டொயோட்டாவின் குற்றமல்ல.

இந்தக் கணக்கில் எண்ணெய் எங்கே வருகிறது? வரவில்லை. இது அறையின் அளவு மட்டும்தான். அந்த அறையில் எவ்வளவு டீசல் தெளிக்கிறோம், நிமிடத்துக்கு எத்தனை தடவை தெளிக்கிறோம், வண்டியின் பாரம் எவ்வளவு, ஓடுகிறவரின் வலது கால் எப்படி, எல்லாம் சேர்ந்துதான் செலவு. பெரிய பானை வைத்திருக்கிற வீட்டில் தினமும் அண்டா நிறையச் சோறு ஆக்குகிறார்கள் என்று யாராவது சொல்வார்களா?

நம்பாதவர்கள் மஸ்டாவைப் பாருங்கள். எல்லாக் கம்பனியும் இன்ஜினைச் சின்னதாக்கிக்கொண்டிருந்த காலத்தில், 2022 இல் சீஎக்ஸ்-60 ஜீப்புக்கு ஆறு சிலிண்டர், 3,283 சீசீ டீசல் இன்ஜின் போட்டு விட்டார்கள். ஐரோப்பியப் பரிசோதனையில் அதன் செலவு நூறு கிலோமீற்றருக்குச் சுமார் 5 லீற்றர். அதாவது லீற்றருக்கு 20 கிலோமீற்றர். அதில் ஒரு சின்ன ஹைபிரிட் மோட்டாரும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 3.3 லீற்றர் என்று கேட்டவுடன் "எண்ணெய் குடிக்கிற பேய்" என்கிறவர்கள் இந்த எண்ணை எங்கே வைப்பார்கள்?

எங்கள் பழைய 3பீ அப்படி இல்லை என்பதும் உண்மை. நல்லா ஓடினால் லீற்றருக்கு ஒன்பது. ஆனால் கணக்கை மாதத்துக்குப் போடுங்கள். பாடசாலைக்கு நாங்கள் போவது மோட்டார் சைக்கிளில். ஜீப் இறங்குவது வயலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலியாணத்துக்கு. மாதம் 250 கிலோமீற்றர் வராது. 28 லீற்றரோடு விசயம் முடிந்தது. எங்களை வீண்விரயக்காரர் என்று சொன்ன நண்பர் சின்ன ஹைபிரிட் காரில் மாதம் 1,600 கிலோமீற்றர் ஓடுகிறார். லீற்றருக்கு 20 என்றே வைத்துக்கொள்வோம். 80 லீற்றர். அவர் தேவைக்கு ஓடுகிறார், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் 28 பெரிதா 80 பெரிதா என்பது ஆண்டு மூன்று பிள்ளைக்கும் தெரியும்.

இனி ஏற்றம். அம்பாறையால் மஹியங்கனை போய் 18 வளைவில் ஏறிக் கண்டிக்கு நோயாளி கொண்டுபோனவர்களுக்குத் தெரியும். ஏழு பேரோடு எங்கள் ஜீப் அந்த வளைவுகளில் வேகமாக ஏறாது. ஆனால் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். காற்று அதன் வயிற்றுக்குள்ளேயே போதுமான அளவு இருக்கிறது. 1,000 சீசீ மூன்று சிலிண்டர் டேர்போ அதே பாரத்தோடு ஏறும்போது, இல்லாத காற்றை அமுக்கி அனுப்ப வேண்டும். அமுக்கினால் சூடு. பெற்றோல் டேர்போக்கள் பலவற்றில் அந்தச் சூட்டைத் தணிக்கவே பெற்றோல் கூடுதலாகத் தெளிக்கப்படுகிறது. டேர்போவின் அச்சு நிற்பதே இன்ஜின் ஒயிலில். ஒயிலை நாள் தவறாமல் மாற்றுகிற வீட்டில் அது நல்ல இன்ஜின்தான். நம் ஊரில் எத்தனை பேர் நாள் தவறாமல் மாற்றுகிறோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

பிறகு ஏன் நாடு முழுக்க 1,000 சீசீ டேர்போ? ஹொண்டா சிவிக்கில் 988, அவுடியில் 999, ரைஸில் 996. இந்த எண்கள் தற்செயலா? எங்கள் நாட்டில் இறக்குமதியில் உற்பத்தி வரியை சீசீக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். 1,000 ஐத் தாண்டினால் அடுத்த படி, டீசல் என்றால் அதைவிடக் கூட. கம்பனிக்காரன் தன் நாட்டுக் கணக்குக்குச் செய்த இன்ஜினை, நாங்கள் எங்கள் வரிக்குப் பொருந்துகிறது என்பதற்காக வாங்குகிறோம். ஜப்பானில் கெய் கார் என்றால் 660 சீசீக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அந்தச் சட்டம் இன்று எங்கள் மெயின் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்ணெயைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் வரி இருக்க வேண்டிய இடம் பெற்றோல் செட். அங்கே ஏற்கனவே லீற்றருக்கு லீற்றர் வரி கட்டுகிறோம். கூட எரிக்கிறவன் கூடக் கட்டுகிறான். சிலிண்டரின் கனவளவுக்கு வரி போடுவது, பிள்ளையின் பையை நிறுத்துப் பார்த்துப் புள்ளி போடுகிற மாதிரி. இதில் பெரிய பகிடி, அந்த வரி பெரியவர்களுக்கு இருக்கவில்லை. பல வருடங்களாக எம்பிமார்களுக்கு வரியில்லாப் பெர்மிட். அதில் வந்து இறங்கியவை 4,461 சீசீ வீ8 லேண்ட் குரூசர்கள். அப்போது வீண்விரயம் என்று எழுதிய கைகள் எங்கே இருந்தன? ஜும்ஆவுக்கு அந்த வீ8 வந்தால் கதவைத் திறந்துவிட ஓடியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எதிர்த்தரப்பில் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது, அது புகை. பழைய டீசல் புகை நெஞ்சுக்குக் கெடுதி, அதில் வாதமே இல்லை. அதனால்தான் நாங்கள் நொசில்களைக் கழற்றிப் பரிசோதிக்கிறோம், பம்பைச் சரிபார்க்கிறோம், வருடாவருடம் புகைப் பரிசோதனையில் நேராக நின்று பாஸ் எடுக்கிறோம். எங்கள் கூட்டத்திலேயே சிலர் பம்பின் திருகாணியைத் திருகி, கறுப்புப் புகை கக்க வைத்து அதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். சைலன்சரைக் கழற்றிவிட்டு ராவு பதினொரு மணிக்குப் பள்ளிவாசல் ஒழுங்கையில் போகிறார்கள். ஏச வேண்டும் என்றால் அவர்களை ஏசுங்கள், நாங்களும் வருகிறோம். அது இன்ஜின் ஆசை இல்லை, ஊரைத் தொந்தரவு பண்ணுகிற ஆசை.

செலவும் இருக்கிறது. நான்கு டயர் மாற்றினால் இரண்டு மாதச் சம்பளம் காணாமல் போகும். கிளச் பிளேட்டுக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு முழு நாள் அலைந்திருக்கிறோம். ஆனால் இதே 3பீ டைனா லொறிகளிலும் வந்த இன்ஜின். அதனால் லைனர், பிஸ்டன், கஸ்கட் எல்லாம் தேடினால் கிடைக்கும், ஊர்க் கராஜில் பாஸ் உட்கார்ந்து சாதாரண சாவியால் பிரித்துப் பூட்டுவார். கம்பியூட்டர் கிடையாது, கொழும்புக்கு ஏற்றத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனம் ஒன்றும் வராமல் இருந்த காலத்தில் இந்தப் பழைய இரும்புகள்தான் ஓடின. இவற்றுக்கான டொலர் நாங்கள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே கட்டி முடிந்துவிட்டது. நேற்றுத் துறைமுகத்தில் இறங்கிய காருக்கான டொலர் நேற்றுத்தான் வெளியே போனது.

2022 ஜூலையில் கியூஆர் வந்தபோது காருக்கும் ஜீப்புக்கும் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். சீசீ கேட்கவில்லை. ஏழெட்டு நாள் வரிசையில் கிடந்த சனம் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டது, நாங்களும்தான். அந்த 20 லீற்றரில் எங்கள் ஜீப் வயலுக்கும் போனது, இரண்டு பிரசவத்துக்கும் போனது, மிச்சமும் இருந்தது.

ஆகவே சம்பளக் கதைக்குள் எங்கள் ஜீப்பை இழுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டோ வேண்டாம். உங்கள் வண்டியின் சென்ற மாதக் கிலோமீற்றரையும் அடித்த லீற்றரையும் கீழே எழுதுங்கள். நாங்கள் நாலு பேரும் எங்களுடையதை முதல் கொமண்டில் போட்டிருக்கிறோம். பைசிக்கிள்காரர் பூச்சியம் என்று போட்டிருக்கிறார், அவரை மட்டும் போட்டியில் சேர்க்க வேண்டாம்.