சாங்ரியாவுக்குள் குவார்ட்டர் எதற்கு?

மே மாதம் வந்தால் போதும், கல்லூரிக் கூட்டம் கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடும். ராத்திரி காட்டேஜில் பார்ட்டி. ஒரு பெரிய ஜக்கில் ரெட் வைன், பழத்துண்டுகள், சர்க்கரை, சோடா. ஸ்பெயின்காரர்களின் சாங்ரியாவாம்! அதுவரை சரி. அப்புறம் ஒரு மேதாவி, "வெறும் வைன்ல என்னடா இருக்கு?" என்று குவார்ட்டர் பிராந்தியையும் அதில் கவிழ்ப்பார். தகராறே அங்கேதான்.

கணக்குப் பாருங்கள் மக்களே. 13 சதவீத வைன் 750 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 97 மில்லி. 300 மில்லி சோடா கலந்தால் ஜக்கில் 9 சதவீதம். நம்மூர் பிராந்தி 42.8 சதவீதம், 180 மில்லி ஊற்றினால் இன்னொரு 77 மில்லி ஆல்கஹால். ஜக் 14 சதவீதத்துக்குப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 விதிப்படி 12 சதவீதத்தைத் தொட்டாலே அதைச் சாங்ரியா என்று விற்க முடியாது. சர்க்கரையும் பழமும் காட்டத்தை மறைத்துவிடும். ஜூஸ் மாதிரி இறங்கும்.

ஸ்பெயினிலேயே பிராந்தி சேர்க்கிறார்களே என்பார்கள். சேர்க்கட்டும். விடிந்ததும் வத்தலக்குண்டு மலைப்பாதையில் பைக் இறக்கும் வேலை அவர்களுக்கு இல்லையே!

ருசிதான் வேண்டுமென்றால் சீசன் பிளம்ஸ் மலையிலேயே கிடைக்கிறது. ஐந்தாறு பிளம்ஸ், ஒரு எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வைனில் நாலு மணி நேரம் குளிர ஊறட்டும். சோடா கடைசியில். 21 வயது ஆகாதவர்களுக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் தனி ஜக்: கம்பம் பன்னீர் திராட்சைச் சாறில் இதே பழங்கள்.

குவார்ட்டர் வாங்கும் காசுக்கு இன்னும் கொஞ்சம் பிளம்ஸாவது வாங்குங்கள்.